முப்பத்தொன்பது நோட்டுகளும் ஒரு சிலந்தியும்

பள்ளிக்கூட வேலையில் பாடம் நடத்துவது பாதிதான்; மீதிப் பாதி, நடந்ததற்கெல்லாம் விளக்கம் சொல்வது. சாக்பீஸ் தூளில் தும்மியபடியே வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கச் சேர்ந்தேன். அந்த முதல் வருடத்தில் என்னை விளக்கம் சொல்ல வைத்தவை பெரும்பாலும் எட்டுக் கால் உள்ளவை. அவற்றில் முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன். அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு முன்னால் இருந்தவர்

எனக்கு முன்னால் அறிவியல் எடுத்த ஆசிரியை முந்தைய வருடத்தின் நடுவிலேயே வேலையை விட்டுவிட்டார். அதனால்தான் எனக்கு இடம் கிடைத்தது. அவர் ஏன் போனார் என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்றார் கணக்கு சார். அடையாறில் நல்ல வேலை கிடைத்தது என்றார் அலுவலக எழுத்தர். பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ராணி ஆயா சொன்னதுதான் நம்பும்படி இருந்தது. காரணம், அவர் அதை நடித்தும் காட்டினார்.

அந்த ஆசிரியை வகுப்பில் காட்டுவதற்காக ஒரு தேளை ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தாராம். காற்றுக்காக மூடியில் ஓட்டை போட்டாராம். ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஆசிரியர் அறை பீரோவில் வைத்த பாட்டில், அடுத்த மணி அடிக்கும்போது காலியாக இருந்தது. மூன்று நாள் எல்லோரும் நாற்காலியில் கால்களை மடித்துக்கொண்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார்கள். பீரோக்களை எல்லாம் வராந்தாவில் இழுத்துப் போட்டுத் தேடினார்கள். தேள் கிடைக்கவில்லை. கணக்கு சாரிடம் கேட்டதற்கு, "காலை மடிச்சு உக்காந்தது நிஜம். தேளை நான் பாக்கலை" என்றார். ஆயாவுக்கு அந்தச் சந்தேகம் எல்லாம் இல்லை.

"தேளும் போய்ட்ச்சி, அந்த டீச்சரும் போய்ட்ச்சி. நீயாச்சும் நின்னு காட்டும்மா."

ஏப்ரல் வரைக்கும்

நிற்பது அவ்வளவு சுலபமாக இல்லை. எனக்குக் கிடைத்தது ஒரு வருடத் தற்காலிக வேலை. புகார் எதுவும் இல்லாமல் ஓடினால் ஏப்ரலில் நிரந்தரம் ஆக்குவார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் கிடையாது. அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் எட்டு வீடுகள். எட்டு வீட்டிலும் அவர் சொல்லி முடித்திருந்தார்: "பொண்ணு ஏப்ரல்ல பர்மனன்ட் ஆயிடும்." காலையில் பால் வாங்கப் போனாலும், மாலையில் பஸ் இறங்கி வந்தாலும், "என்னம்மா, ஏப்ரல்தானே?" என்று யாராவது கேட்பார்கள். நான் தரையைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

கணுக்காலிகள் பாடத்தில் சிலந்தி, தேள், உண்ணி மூன்றும் சேர்ந்து ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு பக்கத்தைப் பிள்ளைகள் கையால் செய்தும் கண்ணால் பார்த்தும் படிக்கட்டும் என்று செயல்திட்டங்கள் எழுதி எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அம்மாவிடம் போனேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூடிய பேனா. அந்தப் பேனாவைத் திறக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் அவர் மனநிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"உயிரோட எதுவும் கேட்டுக்குள்ள வரக்கூடாது. பாடம் மட்டும் உயிரோட இருந்தா போதும்."

அப்பா கேட்ட டிராயிங்

முதல் திட்டம் சிலந்தி பொம்மை. இரண்டு தெர்மகோல் உருண்டைகள். சின்னது, தலையும் மார்பும் சேர்ந்த பகுதி, பெரியது வயிறு. ஊதுபத்திக் குச்சிகள் எட்டு, கால்கள். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டுமே என்று வீட்டில் உட்கார்ந்து நானே ஒன்று செய்தேன். திருஷ்டி கழிக்க வைத்த எலுமிச்சம்பழத்தில் யாரோ குச்சி சொருகியது போல வந்தது. அப்பா பார்த்தார். மறுநாள் பட்டறையிலிருந்து துண்டுக் கம்பிகளும் குறடும் கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு காலுக்கு எத்தனை மடிப்பு?" என்று கேட்டார். இரண்டு மூன்று இருக்கும் என்றேன். "ரெண்டா, மூணா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் விலங்கியலில் முதல் வகுப்பு. நந்தனத்தில் கல்லூரியில் படித்தபோது ஓர் இறாலின் கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அட்டையில் ஒட்டிப் பாராட்டு வாங்கியவள். ஆனால் சிலந்தியைப் பற்றிப் பரீட்சைக்கு நாலு வரி எழுதும் அளவுக்குத்தான் தெரியும். பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஒரு காலில் ஏழு பகுதிகள், ஆக ஆறு மூட்டுகள். அதைச் சொன்னதும் அவர் குறடைக் கீழே வைத்துவிட்டார். எந்தப் பகுதி நீளம், எது குட்டை என்று அளவு போட்டு வரைந்து கொடுத்தால்தான் கம்பியைத் தொடுவேன் என்றார். வரைந்து கொடுத்தேன். எட்டுக் கால்களும் அச்சில் வார்த்தது போல வந்தன. கடைசிக் காலைப் பொருத்தும்போது தலை நிமிராமல் சொன்னார்.

"பதினஞ்சு வருஷம் படிக்க வெச்சேன். கால்ல எத்தனை மூட்டுன்னு நான் கேட்டப்புறம்தான் புஸ்தகத்தைத் தொறக்கறே."

நண்டு ஏன் சொந்தம் இல்லை

ஸ்டெல்லா கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் அம்மா கரையில் மீன் எடுத்துக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், காலை ஏழு மணிக்கே அவளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார். ஆயா வந்து கதவைத் திறக்கும்போது படியில் உட்கார்ந்திருக்கும் முதல் பிள்ளை அவள்தான். மற்றவர்கள் வரும்வரை அவளுக்கு வேலை, சுற்றிலும் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

சிலந்திக்கு எட்டுக் கால், தேளுக்கு எட்டுக் கால், அதனால் இரண்டும் ஒரே குடும்பம் என்று நான் கரும்பலகையில் எழுதிய அன்று அவள் எழுந்து நின்றாள். "மிஸ், தேளுக்கு முன்னால ரெண்டு இடுக்கி கீது. நண்டுக்கும் ரெண்டு இடுக்கி கீது. அத்த விட்டுட்டு எண்ணா ரெண்டுக்கும் எட்டு காலுதான். தேளு சொந்தம்னா நண்டு ஏன் மிஸ் சொந்தம் இல்ல?" வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. நம் தொழிலில் அதிகம் புழங்கும் வாக்கியத்தை நானும் சொன்னேன்: "நாளைக்குச் சொல்றேன்." அன்று மாலை முழுக்கப் புத்தகம் புரட்டினேன். நண்டின் இடுக்கி அதன் முதல் ஜோடிக் கால். ஆக அதற்குப் பத்துக் கால். தேளின் இடுக்கி கால் கணக்கில் வராது, அது வாயை ஒட்டி வளர்ந்த வேறு உறுப்பு. நண்டுக்கு உணர்கொம்பு உண்டு, சிலந்திக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

மறுநாள் காலை வாசலில் ஸ்டெல்லாவின் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். "இன்னா டீச்சர், நண்டுக்குக் காலு எண்ணினு வரச் சொன்னியா? கொழம்புக்கு எட்த்து வெச்சத எல்லாம் ஒண்ணொண்ணா புட்சி எண்ணிகினு ஒக்காந்துகீது. அவுங்கப்பா பசில கத்திகினு கீறாரு." நான் எண்ணச் சொல்லவில்லை, அவள்தான் என்னைக் கேள்வி கேட்டாள் என்றேன். அவர் முகம் மாறியது. "அதுவா கேட்ச்சி? நீ பதிலு சொல்ட்டியா?" இன்றுதான் சொல்லப்போகிறேன் என்றேன். கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டே சொன்னார்.

"சொல்லு, சொல்லு. ஆனா தப்பா மட்டும் சொல்டாத டீச்சர். நண்டயே எட்த்துகினு வந்து காட்டிடும் அது."

கணக்கு சார் மாட்டிக்கொண்டது

சிலந்திக்குக் கண் எட்டு இருந்தும் பல வகைகளுக்குப் பார்வை மட்டு. வலை கட்டும் சிலந்தி, நூலின் அதிர்வை வைத்துத்தான் இரை எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கும். இதை வாயால் சொன்னால் தூங்கிவிடுவார்கள். அதனால் பாண்டி பஜாரில் வாங்கிய கம்பளி நூலோடு எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நடுவில் ஒரு பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் சிலந்தி. சுற்றிலும் எட்டுப் பேர், எட்டு நூல்கள், மறுமுனை எல்லாம் சிலந்தியின் கையில். ஒருவர் நூலைச் சுண்டினால், சிலந்தி அது எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து ஓடிப் பிடித்து, "மாட்டிக்கிச்சு!" என்று கத்த வேண்டும்.

கணக்கு சாருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான்கு வகுப்புகள் அமைதியாகும். அன்று அவர் விடைத்தாள் கட்டில் கண் வைத்தபடியே மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். நான் "சார்!" என்று கத்துவதற்குள் இரண்டு நூல்கள் இடுப்பிலும் ஒன்று மூக்குக் கண்ணாடியிலும் மாட்டின. அன்று சிலந்தியாக இருந்தவள் பத்மா. இதுவரை இல்லாத பெரிய அதிர்வு. பாய்ந்து போய் அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினாள். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எங்கள் சந்தின் எட்டு வீடுகளும் கண் முன்னால் வந்தன. சார் நிதானமாகக் கண்ணாடியிலிருந்து நூலை எடுத்து, சிக்கில்லாமல் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா நான் வந்தா இதுங்க வலையில விழுந்த மாதிரி நிக்கும். என்னையே விழ வெச்சுட்டீங்களே, பலே ஆளும்மா நீங்க!"

பதினோராவது பொம்மை

அதே பத்மாவின் அம்மா நவராத்திரிக்கு முன் தினம் பள்ளிக்கு வந்தார். வரும்போதே மூச்சு வாங்கியது. "எங்காத்துல ஒட்டடை அடிக்க விடமாட்டேங்கறா. அது வீடு கட்டிண்டிருக்கு, கலைக்கப்படாதுங்கறா. கொலு வைக்க வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்." கொலு வைக்கும் கூடத்தில் மட்டும் அடிக்கலாம், மாடிப்படி மூலையை விட்டுவிடலாம் என்று நான் சமரசம் பேசினேன். அதற்குக் கைம்மாறாக என்னை வெற்றிலை பாக்குக்கு அழைத்தார்.

அப்படி ஒரு வீட்டுக்குள் நான் போனது அதுவே முதல் முறை. எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரியாமல் கதவோரம் நின்றேன். ஒரு பாட்டுப் பாடுங்கோ என்றார்கள். கொலு பார்க்க வந்தவள் பாட வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லாத விதி. எனக்குத் தடங்கல் இல்லாமல் தெரிந்தது பள்ளியில் தினமும் காலையில் பாடும் வாழ்த்துப் பாட்டு ஒன்றுதான். அதைப் பாடினேன். பாதியில் இரண்டு மாமிகள் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார்கள்.

பாட்டு முடிந்து எல்லோரும் கொலுவைப் பார்க்கத் திரும்பினார்கள். மூன்றாம் படியில் தசாவதாரம் செட். அதை ஒட்டி, கறுப்புச் சாயம் பூசிய பத்மாவின் தெர்மகோல் சிலந்தி. நின்ற மாமிகளில் மூத்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரல் விட்டு எண்ணினார். கல்கி வரை வந்து நின்றார். "பத்தும் ஆச்சு. பதினொண்ணாவதா இது எந்த அவதாரம்டி?" பத்மா பாடம் ஒப்பிப்பது போல, "இது சிலந்தி மாமி. எட்டுக் கால், ஒரு கால்ல ஆறு மூட்டு. உணர்கொம்பு கிடையாது" என்றாள். மாமி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னவோம்மா, நமக்குத் தெரியாம எவ்வளவோ இருக்கு. இதுவும் நன்னா இருக்கட்டும்."

ஒட்டடைக் குச்சி

பொங்கல் முடிந்து கடைசித் திட்டம். பத்து நாள் ஒரே வலையைப் பார்த்து, தினமும் வரைவது. எதையும் கேட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததைத்தான் பார்த்தோம். வராந்தாவின் கடைசியில், கம்பிக்கும் செம்பருத்திச் செடிக்கும் நடுவில் ஒரு சிலந்தி வட்டமாக வலை கட்டியிருந்தது. வலையின் மையத்தில் பெருக்கல் குறி போல வெள்ளையாக ஒரு பின்னல். அதன்மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அதற்கு எக்ஸ் சிலந்தி என்று பெயர் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் முப்பத்தொன்பது பேரும் நோட்டோடு வந்து நிற்பார்கள். வலை எத்தனை சாண், என்ன மாட்டியிருக்கிறது, எல்லாம் எழுதி வரைய வேண்டும். மூன்றாம் நாள் ஸ்டெல்லா சொன்னாள்: "எங்கப்பா வலைல முடிச்சி முடிச்சா இருக்கும் மிஸ். இதுல முடிச்சே இல்ல. ஒட்டிகினு கீது." நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை.

இதற்கிடையில் வருடாந்தர ஆய்வு வந்தது. ஆய்வாளர் வரும் நாள், எங்கள் பத்தாம் நாள். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "உங்க சிலந்தி நோட்டைத்தான் முதல்ல காட்டப்போறேன். ஏப்ரல் விஷயம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றார். பேனா திறந்தே இருந்தது. நான் அன்று 12-பி பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஆய்வு என்றால் நம் பள்ளிகளில் முதலில் நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் யோசிக்காமல் விட்டதுதான் தவறு. ஒன்பதாம் நாள் காலை ராணி ஆயா நீளமான ஒட்டடைக் குச்சியோடு மாடியில் ஆரம்பித்து, ஒரு மூலை விடாமல் அடித்துக்கொண்டே வந்து, வராந்தாக் கம்பியையும் அடித்து, செம்பருத்திச் செடியையும் வெட்டிச் சரிசெய்துவிட்டார். மிகச் சுத்தமான வேலை. மதியம் முப்பத்தொன்பது பேரும் நோட்டோடு வந்து வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலந்தி செடிக்குள் விழுந்ததைப் பார்த்ததாக ஆயா சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வலையை விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை முன்பே சொல்ல வேண்டியவள் நான்.

ஒன்பதாம் பக்கம் காலி. ஆய்வாளர் காலை பத்து மணிக்கு வருவார். பத்தாம் பக்கமும் காலியாகத்தான் இருக்கும். ஆசிரியர் அறையில் நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துக் கணக்கு சார் விசாரித்தார். "எட்டு நாள் வரைஞ்சதுதானே? ரெண்டு பக்கம் அதையே போடச் சொல்லும்மா. சிலந்தி வந்து சாட்சியா சொல்லப்போகுது?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். கடைசி மணி நேரத்தில் வகுப்புக்குப் போய், "எட்டாம் நாள் படத்தையே ஒன்பதாம் பக்கத்திலயும் பத்தாம் பக்கத்திலயும் வரைஞ்சு, நோட்டை நாளைக்குக் காலையில கொடுத்துடுங்க" என்றேன். தலைகள் குனிந்தன, பென்சில்கள் ஓடின. ஒரு கை மட்டும் மேலே நின்றது. நான் கரும்பலகையைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அப்படியும் குரல் வந்தது.

"மிஸ், பத்தாம் நாளு நாளைக்கித்தான மிஸ்?"

ஆய்வாளர் வந்த காலை

ஆய்வாளர் மெலிந்த மனிதர். குரலை உயர்த்தாதவர், அதுவே பயமாக இருந்தது. ஹெச்.எம். வகுப்பு மேசையில் முப்பத்தொன்பது நோட்டுகளையும் அடுக்கி வைத்தார். ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்துப் பக்கமும் நிறைந்திருந்தன. "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நோட்டில் அவர் கை நின்றது.

அது ஸ்டெல்லாவின் நோட்டு. ஒன்பதாம் பக்கத்தில் படம் இல்லை. "வலை இல்லை. ஆயா ஒட்டடை அடித்துவிட்டார். சிலந்தி செடிக்குள் விழுந்தது" என்று மட்டும் எழுதியிருந்தாள். பத்தாம் பக்கத்தில் ஒரு குட்டி வலை. நடுவில் அரைகுறையாக ஒரு பெருக்கல் குறி. கீழே: "காலை ஏழேகால் மணி. புது வலை. ஒரு சாண். பழைய இடத்திலிருந்து இரண்டு முழம் இடது பக்கம்." அவர் இன்னொரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் மூன்று சாண் வலை, பழைய இடத்தில், முழுப் பெருக்கல் குறியோடு. இரண்டிலும் அன்றைய தேதி.

எழுந்து வராந்தாவுக்குப் போனார். ஹெச்.எம். பின்னால் போனார். அவர் பின்னால் நான். காலையில் அத்தனை முறை அந்தப் பக்கம் நடந்தும், கம்பியைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டே போயிருந்தேன். இப்போது பார்த்தேன். வெட்டிய செம்பருத்திக் கிளைக்கும் கம்பிக்கும் நடுவில், இரண்டு முழம் இடது பக்கம், ஒரு சின்ன வலை. நடுவில் எக்ஸ் சிலந்தி. ஆய்வாளர் வலையைத் தொடாமல் கையை விரித்து அளந்தார். ஒரு சாண். "அப்ப மத்த முப்பத்தெட்டுப் பேரும் எந்தச் சிலந்தியைப் பாத்தாங்க?" என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. நம் தொழிலில் அது எவ்வளவு சுலபமாக வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வழியாக முப்பத்தொன்பது பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான்தான் சார் அப்படி வரையச் சொன்னேன்" என்றேன். ஹெச்.எம். பேனாவை மூடும் சத்தம் கேட்டது. ஆய்வாளர் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். வகுப்புக்குத் திரும்பி வந்து ஸ்டெல்லாவை எழுப்பினார். டீச்சர் சொன்ன பிறகும் நீ மட்டும் ஏன் வேறு மாதிரி வரைந்தாய் என்று கேட்டார். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். எனக்குக் கெடுதல் வருமோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"எதிர்லயே கீது சார். வேற எப்டி வரையறது?"

ஏப்ரல்

மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை. நான் பாடம் நடத்தினேன், எங்கள் சந்தில் தலையாட்டினேன், தினமும் செம்பருத்திச் செடியைப் பார்த்தேன். ஏப்ரல் கடைசியில் ஹெச்.எம். கூப்பிட்டார். மேசையில் ஆய்வறிக்கை இருந்தது. என்னைப் படிக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "பொய்யா வரையச் சொன்னதுக்கு உங்களை அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். கேட்டவுடனே ஒத்துக்கிட்டீங்க. அதனால வேலை இருக்கு. ஆனா இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்தான்."

அன்று மாலை அப்பாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பட்டறைச் சட்டையைக் கழற்றாமல், கை கழுவாமல், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எட்டு வீட்டுக்கும் இனி அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். நான் முடித்ததும் எழுந்து சட்டையைக் கழற்றினார்.

"ஏப்ரல்னுதானே சொன்னேன். எந்த ஏப்ரல்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே."

அந்த மே மாத விடுமுறையில் அடையாறில் ஒரு நூலகத்துக்குப் போய், சிலந்திகளைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எக்ஸ் சிலந்தி அதில் படத்தோடு இருந்தது. தொந்தரவு வந்தால் வலையை விட்டுக் கீழே குதித்து ஒளிந்துகொள்ளும்; ஆபத்து போனதும் மேலே ஏறிவிடும். யாரும் கலைக்காவிட்டாலும்கூட இந்த வகைச் சிலந்திகள் பெரும்பாலும் பழைய வலையைத் தானே தின்றுவிட்டு, அநேகமாக ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டும் என்று போட்டிருந்தது. கட்டி முடிக்கச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டு புத்தகங்களில் சரிபார்த்துவிட்டேன்.

சிலந்தி ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்ட விஷயத்தை, அதற்கு முன்னால் நான் புகுந்து சரிசெய்யப் போனதில், எனக்கு மட்டும் ஒரு வருடம் பிடித்தது.